கடனே என்று சொல்லும் ஜெபமும் கவானாவும்

எருசலேமின் மேற்குச் சுவர் முன்னால் எடுத்த ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "யூதர்கள் தினமும் மூன்று வேளை ஒரே புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். சொல்லும் மாறுவதில்லை. வேகமோ மூச்சு விடாத வேகம். உடம்பையும் முன்னும் பின்னும் ஆட்டுகிறார்களே, அது ஏன்? இதில் மனசு எங்கே ஒன்றும்? சொல்லி முடித்தால் போதும் என்பதுதான் அவர்கள் கணக்கா, இல்லை மனதை நிறுத்த ஏதாவது வழி வைத்திருக்கிறார்களா?" மேலோட்டமாகப் பார்த்தால் இது வேகத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. மனம் அலைந்துகொண்டே சொன்ன ஜெபம் ஜெபமாகுமா என்பது ஒன்று. மனம் அலையும் என்று தெரிந்தும் ஏன் எழுதிவைத்த சொற்களையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்பது இன்னொன்று. இரண்டையும் யூதர்கள் தங்களுக்குள்ளேயே ரொம்ப காலமாகக் கேட்டுவருகிறார்கள்.

முதலில் என்னைப் பற்றி. நான் யூதன் அல்ல. ஒப்பீட்டுச் சமயம் படிக்கப்போய், எபிரேயம் கற்று, எருசலேமில் இரண்டு ஆண்டு மிஷ்னா வகுப்பில் (மிஷ்னா என்பது யூதர்களின் பழைய சட்டத் தொகுப்பு) கடைசி வரிசையில் உட்கார்ந்தவன். அதன்பின் இதைக் கல்லூரியில் பாடமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். ஆகவே நூல்கள் என்ன சொல்கின்றன என்பதைத் தைரியமாகச் சொல்வேன். உள்ளிருந்து அனுபவிப்பவருக்கு அது எப்படி இருக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனாகத்தான் சொல்ல முடியும். யூதர் யாராவது இதைப் படித்துவிட்டு, தன் ஜெபத்தைத் திரும்பச் சொல்ல வேண்டுமா என்று முடிவு செய்யப்போனால், என்னை விட்டுவிட்டுத் தன் ரபியை, அதாவது தன் சமய ஆசிரியரை, கேட்பது நல்லது.

இந்த விஷயத்துக்கு அவர்கள் வைத்திருக்கும் சொல் கவானா. நம் 'கவனம்' மாதிரியே ஒலிக்கிறது, பொருளும் கிட்டத்தட்ட ஒட்டுகிறது. வகுப்பில் இதைச் சொன்னதும் யாராவது ஒரு மாணவர் உற்சாகமாக எழுந்துவிடுவார். தற்செயல் ஒற்றுமைதான், உட்காருங்கள் என்பேன். எபிரேயச் சொல்லின் வேருக்குக் குறி வைப்பது, ஒரு பக்கமாகத் திருப்புவது என்று பொருள். இன்றைய எபிரேயத்தில் திசைக்கு 'கிவ்வுன்' என்கிறார்கள். கடிகாரத்தைச் சரியான நேரத்துக்கு வைப்பதற்கும் இதே வேரிலிருந்து வரும் வினைதான். ஆகவே கவானா என்றால் மனதைக் காலியாக்குவது என்றோ, கண்ணீர் விட்டு உருகுவது என்றோ எடுத்துக்கொள்ள வேண்டாம். மனம் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதுதான் விஷயம். பழைய நூல்களும் 'இதயத்தைத் திருப்புதல்' என்றே சொல்கின்றன.

எதைச் சொல்கிறார்கள் என்று தெரிந்தால்தான் மீதி புரியும். காலை, பிற்பகல், மாலை என்று மூன்று வேளை. மூன்றிலும் நடுநாயகமாக நிற்பது அமிதா. அந்தப் பெயருக்கே 'நிற்பது' என்றுதான் பொருள். அதை 'பதினெட்டு' என்றும் கூப்பிடுவார்கள். ஆனால் வாரநாட்களில் சொல்லும் ஆசீர்வாதங்கள், அதாவது ஜெபப் பத்திகள், 19. பின்னால் ஒன்று சேர்ந்துவிட்டது, பழைய பெயர் அப்படியே நின்றுவிட்டது. கால் இரண்டையும் சேர்த்து, எருசலேம் இருக்கும் திசை நோக்கி நின்று, உதடு அசைய, தன் காதுக்கு மட்டும் கேட்கிற குரலில் சொல்ல வேண்டும். காலையிலும் மாலையிலும் இதற்கு முன்னால் ஷெமா வரும். "இஸ்ரவேலே, கேள்: நம்முடைய தேவனாகிய கர்த்தர் ஒருவரே கர்த்தர்" என்று விவிலியத்தில் நாம் படித்த அதே வரிதான். வேலைக்குப் போகிறவர்கள் கூடும் ஜெப ஆலயங்களில் வாரநாள் காலை ஜெபம் முழுவதும் அரை மணி, முக்கால் மணியில் முடிந்துவிடும். காணொளியில் பார்த்த வேகம் பொய்யல்ல.

ஏன் சொந்தச் சொல்லில் சொல்லக்கூடாது? தால்முத்தில் ஒரு கதை இருக்கிறது. தால்முத் என்பது மிஷ்னாவை அலசி விவாதிக்கும் பெருநூல்; பாபிலோன் தால்முத், எருசலேம் தால்முத் என்று இரண்டு உண்டு. ரபி ஹனினா முன்னிலையில் ஒருவர் ஜெபம் நடத்த நின்றார். "பெரியவர், வல்லவர், அஞ்சத்தக்கவர்" என்று எழுதியிருப்பதோடு நிற்காமல், மகிமையானவர், பலமானவர் என்று அடுக்கிக்கொண்டே போனார். ஹனினா பொறுமையாகக் காத்திருந்தார். முடித்ததும், "உன் எஜமானைப் புகழ்ந்து தீர்த்துவிட்டாயா?" என்று கேட்டார். அந்த மூன்று சொல்லையும் மோசே சொல்லியிருக்காவிட்டால் நாம் அதைக்கூடச் சொல்லத் துணிந்திருக்க மாட்டோம், லட்சக்கணக்கில் பொற்காசு வைத்திருக்கும் ராஜாவை வெள்ளிக்காசு வைத்திருக்கிறார் என்று புகழ்வது அவருக்கு அவமானம் அல்லவா என்றார். சொல்லைக் கட்டி வைத்ததற்கு இது ஒரு காரணம். கட்டி வைத்த உடனேயே அடுத்த பிரச்சினை வந்துவிட்டது. மிஷ்னாவிலேயே ரபி எலியேசர் சொல்கிறார்: தன் ஜெபத்தை 'கேவா' ஆக்குகிறவனின் ஜெபம் மன்றாட்டு ஆகாது. கேவா என்றால் நிலையாக வைத்தது. நம் பேச்சில் சொன்னால் 'கடனே என்று' செய்வது. மிஷ்னா தொகுக்கப்பட்டது சுமார் கி.பி. 200-ஐ ஒட்டி. ஆக, கேள்வி கேட்டவரின் சந்தேகத்துக்குக் குறைந்தது 1,800 வயது.

அதே மிஷ்னாவில் எதிர்முனையும் இருக்கிறது. முற்காலத்துப் பக்தர்கள் ஜெபத்துக்கு முன் ஒரு மணி நேரம் சும்மா காத்திருந்து, இதயத்தைத் திருப்பிவிட்டுத்தான் தொடங்குவார்களாம். ராஜாவே வந்து வணக்கம் சொன்னாலும் பதில் சொல்லக் கூடாது, குதிகாலில் பாம்பு சுற்றினாலும் நிறுத்தக் கூடாது. பாபிலோன் தால்முத் இதற்கு மேலும் போகிறது. முன்னே ஒரு மணி, ஜெபத்துக்கு ஒரு மணி, பின்னே ஒரு மணி, மூன்று வேளைக்கு ஆக மொத்தம் ஒன்பது மணி நேரம். அப்புறம் அவர்கள் எப்போது படித்தார்கள், எப்போது வேலை பார்த்தார்கள் என்று அந்த நூலே கேட்கிறது. பக்தியோடு படிக்கும்போதும் கணக்குப் போட்டுப் பார்க்கிற அந்தப் புத்தி எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது எருசலேம் தால்முத்தில் வரும் ஒரு பக்கம். பெரிய பெரிய ரபிகள் வரிசையாக உண்மையை ஒப்புக்கொள்கிறார்கள். ரபி ஹியா சொல்கிறார்: "என் வாழ்நாளில் நான் கவானாவோடு ஜெபித்ததே இல்லை. ஒரே ஒருமுறை முயற்சி செய்தேன். அப்போதும், ராஜாவின் முன்னால் முதலில் போவது யார், பாரசீகப் பிரபுவா, நம் சமூகத் தலைவரா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்." ஷமுவேல், "நான் குஞ்சுகளை எண்ணிக்கொண்டிருந்தேன்" என்கிறார். ரபி பூன் பர் ஹியா சுவரில் செங்கல் வரிசையை எண்ணினாராம். கடைசியில் ரபி மத்னியா: "என் தலைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். 'நன்றி செலுத்துகிறோம்' என்ற இடம் வந்ததும் அது தானாகவே குனிந்துகொள்கிறது." இவர்கள் நிஜமாகவே இப்படித்தான் இருந்தார்களா, சீடர்களுக்குத் தைரியம் கொடுக்கத் தங்களைத் தாழ்த்திச் சொன்னார்களா என்பதில் உரைகாரர்கள் ஒத்துப்போவதில்லை. எண்ணியது குஞ்சுகளா, பறவைகளா என்பதில்கூடச் சண்டை உண்டு. ஆனால் இந்தப் பக்கத்தை யாரும் வெட்டி எறியவில்லை. மனம் அலைவது ஆரம்பகட்ட ஆளின் பலவீனம் மட்டுமல்ல என்று அந்த மரபின் அடிப்படை நூலே பதிந்து வைத்திருக்கிறது.

சரி, அப்படி அலைந்த மனதோடு சொன்னது செல்லுமா? இங்கே மைமோனிடிசிடம் போக வேண்டும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் எகிப்தில் வைத்தியம் பார்த்துக்கொண்டே யூதச் சட்டம் முழுவதையும் தொகுத்தவர். 1204-இல் இறந்தார். யூதர்கள் அவரைப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ரம்பம்' என்பார்கள். தமிழ் மாணவர்களிடம் இதைச் சொன்னால் வகுப்பே சிரிக்கும், அதனால் நான் முழுப்பெயரையே பயன்படுத்துகிறேன். கவானா இல்லாத ஜெபம் ஜெபமே அல்ல, திரும்பச் சொல்ல வேண்டும் என்று ஒரே போடாகப் போடுகிறார். மனம் குழம்பியிருந்தால் அது தெளியும்வரை ஜெபிக்கவே கூடாது என்கிறார். கவானா என்றால் என்ன என்று கேட்டால், எல்லா எண்ணங்களையும் விலக்கிவிட்டு, தெய்வ சந்நிதியில் நிற்பதாகத் தன்னைக் காண வேண்டும் என்கிறார். சுமை தூக்கிவந்தவன் அதைத் தொப்பென்று போட்டுவிட்டு நடையைக் கட்டுவது போல ஜெபிக்காதே என்பதும் அவர் சொன்னதுதான்.

ஆனால் அதே நூலில் சில அத்தியாயம் தள்ளி, முதல் ஆசீர்வாதத்தில் மட்டும் கவானா இருந்தால் போதும், திரும்பச் சொல்ல வேண்டாம் என்றும் எழுதியிருக்கிறார். இரண்டும் எப்படி ஒத்துப்போகும்? இதற்கு பிரிஸ்க் நகரத்து ரபி ஹயிம் சொலொவெய்ச்சிக் (1853–1918) கொடுத்த விடை இன்றும் யூதக் கல்விக்கூடங்களில் அலசப்படுகிறது. கவானா இரண்டு வகை என்றார் அவர். ஒன்று, சொல்லுகிற சொல்லின் பொருளை நினைப்பது. அது முதல் ஆசீர்வாதத்தில் இருந்தால் போதும். இன்னொன்று, நான் ஒருவர் முன்னால் நிற்கிறேன் என்ற உணர்வு. அது தொடக்கத்திலிருந்து கடைசிவரை இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஆள் ஜெபிக்கவே இல்லை, சும்மா வாயை அசைத்துக்கொண்டிருந்தார் என்றுதான் கணக்கு. மைமோனிடிஸ் மனதில் இதுதான் இருந்ததா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பிற்காலத்து ரபிகளில் இதை ஏற்காதவர்களும் உண்டு. ஆனால் இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்ப்பது ரொம்ப உபயோகமானது. பெரிய அதிகாரி முன்னால் மனுவோடு நிற்கிறோம் என்று வையுங்கள். நடுவில் ஒரு வாக்கியம் நழுவலாம், அவர் மேசையில் இருக்கும் பேனாவை நாம் கவனிக்கலாம். ஆனால் எங்கே நிற்கிறோம் என்பது ஒரு நொடிகூட மறப்பதில்லை. யூதர்கள் 'கவனமில்லை' என்று சொல்லும்போது எதைச் சொல்கிறார்கள் என்பதை இந்த வித்தியாசத்தை வைத்துத்தான் படிக்க வேண்டும்.

பிறகு வந்த சட்டத் தொகுப்பு, 1565-இல் வெனிஸில் அச்சான ஷுல்ஹான் அரூக், எல்லா ஆசீர்வாதங்களிலும் கவானா வேண்டும், முடியாவிட்டால் முதலாவதிலாவது வேண்டும், அதுவும் இல்லையென்றால் திரும்பச் சொல் என்றது. உடனே கிராக்கோவ் நகரத்து ரபி மோசே இஸ்ஸெர்லெஸ் பக்கத்தில் ஒரு குறிப்பு சேர்த்தார்: இந்தக் காலத்தில் திரும்பச் சொல்வதில்லை, ஏனென்றால் திரும்பச் சொன்னாலும் இதே கதைதான் நடக்கும். இன்னொரு விதியும் இருக்கிறது. பழைய மிஷ்னாப்படி, புது மாப்பிள்ளைக்கு முதலிரவில் ஷெமா சொல்வதிலிருந்து விலக்கு. பாவம், அவர் மனசு வேறெங்கோ இருக்கும். ஷுல்ஹான் அரூக் என்ன சொல்கிறது தெரியுமா? இன்று யாருமே ஒழுங்காகக் கவனத்தோடு சொல்வதில்லை, ஆகவே மாப்பிள்ளையும் சொல்லிவிடட்டும். சட்டப் புத்தகத்தில் இப்படி ஒரு வரியைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன், வகுப்பு எடுத்தவரும் சிரித்தார்.

இனி பயிற்சிக்கு வருகிறேன். கேள்வி கேட்டவர் முக்கியமாகக் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். சட்டம் இப்படி இறங்கி வந்ததில் ஒரு லாபம் உண்டு: மனதை நிறுத்த வேண்டிய இடம் சின்னதாகிவிட்டது. ஷெமாவில் ஆறு எபிரேயச் சொற்கள், அமிதாவில் நாற்பது சொச்சம் சொற்கள் கொண்ட ஒரு பத்தி. மைமோனிடிஸும் தன் தத்துவ நூலில் படிப்படியாகவே ஏறச் சொல்கிறார்: முதலில் ஷெமாவிலும் அமிதாவிலும் மனதை வேறெதிலும் விடாமல் பழகு, அது சில ஆண்டுகளில் கைவந்த பிறகு வேதம் படிக்கும்போதும், அப்புறம் மற்ற ஆசீர்வாதங்களிலும் பழகு. நாள் கணக்கில் பேசவில்லை, வருடக் கணக்கில் பேசுகிறார்.

அந்த முதல் பத்தியை மெதுவாகச் சொல்லிப்பார்த்தால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். மூன்று அடி பின்னே எடுத்து, மூன்று அடி முன்னே வந்து நிற்கிறார். 'பாரூக்' என்னும்போது முழங்கால் மடங்குகிறது, 'அத்தா' என்னும்போது இடுப்பு வளைகிறது, இறைவன் பெயர் வரும்போது நிமிர்ந்துவிட வேண்டும். 'அத்தா' என்றால் 'நீ'. எடுத்த எடுப்பிலேயே முன்னிலை. அடுத்து "ஆபிரகாமின் தேவன், ஈசாக்கின் தேவன், யாக்கோபின் தேவன்". 'ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபின் தேவன்' என்று சுருக்கியிருக்கலாமே? ஒவ்வொருவரும் தானாகத் தேடிக் கண்டுகொள்ள வேண்டியிருந்தது, அப்பாவுடையதை அப்படியே வாங்கிக்கொள்ளவில்லை என்று பிற்காலத்தில் விளக்கம் சொல்வார்கள். சொற்றொடரின் மூலமே விவிலியத்தில் அப்படித்தான் இருக்கிறது, ஆகவே இந்த விளக்கத்தைச் சரித்திரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் ஜெபிப்பவருக்கு அது உதவுகிறது. ஒவ்வொரு பெயரிலும் ஒரு கணம் நிற்க ஒரு சாக்கு கிடைக்கிறது. அதன் பிறகுதான் ஹனினா கதையில் வந்த அந்த மூன்று சொற்கள். கதையை அறிந்தவர் அந்த இடத்தை ஓடிக் கடக்க மாட்டார்.

உடம்புக்கும் நிறைய வேலை கொடுத்திருக்கிறார்கள், மத்னியாவின் தலையை மறந்துவிட வேண்டாம். ஷெமாவின் முதல் வரியில் வலது கையால் கண்ணை மூடுவது, தினமும் ஒரே இடத்தில் நின்று ஜெபிப்பது, சுவருக்கும் தனக்கும் நடுவே எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்வது, எல்லாம் சட்டத்திலேயே இருக்கிறது. கண்ணாடிக்கு எதிரே நிற்கக் கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு நிற்கக் கூடாது. இதையெல்லாம் படித்தால் அற்பமாகத் தோன்றும், பத்து நிமிடம் அசையாமல் நின்று பார்த்தவருக்குத் தெரியும். காலையில் கட்டும் தெபிலின் இன்னொன்று. வேதவரி எழுதிய தோல் பெட்டி ஒன்று நெற்றிக்கு மேலே, ஒன்று இடது புஜத்தில், வார் முன்கையில் ஏழு சுற்று. அணிந்திருக்கும்போது அதை மறக்கக் கூடாது, அவ்வப்போது தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது விதி. கை தொடுகிறது, மனம் திரும்பி வருகிறது. உடம்பை ஆட்டுவதைப் பற்றியும் கேட்டிருந்தார். "என் எலும்புகளெல்லாம் சொல்லும்" என்ற சங்கீத வரியைச் சிலர் காட்டுவார்கள். ஆன்மா விளக்குச் சுடர் போல, அதனால் அசைகிறது என்பது இன்னொரு விளக்கம். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கவிஞர் யெகூதா ஹலேவி சொன்ன காரணம் வேறு: ஒரு புத்தகத்தைப் பத்துப் பேர் சுற்றி நின்று மாறி மாறிக் குனிந்து படித்த பழக்கம் ஒட்டிக்கொண்டது. எது உண்மை என்று தீர்மானிக்க வழியில்லை. அமிதாவில் ஆடாமல் நிற்பதே நல்லது என்ற ரபிகளும் உண்டு. மனம் ஒன்ற உதவினால் ஆடு, இல்லாவிட்டால் நில் என்பதுதான் நடைமுறை.

வேண்டாத எண்ணம் வந்துவிட்டால்? சட்டத்தின் விடை எளிது: வாயை மூடி நில், எண்ணம் கடந்துபோகட்டும், பிறகு தொடர். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் எழுந்த யூத பக்தி இயக்கமான ஹசிதிய இயக்கம் இதை வேறு மாதிரி பார்த்தது. அதைத் தொடங்கியவரும் 1760-இல் இறந்தவருமான பாஆல் ஷெம் தோவின் வழியில், அலையும் எண்ணத்திலும் ஒரு தெய்வப் பொறி சிக்கியிருக்கிறது, அதை மேலே உயர்த்த வேண்டும் என்றார்கள். அழகான கருத்து. ஆனால் அந்த இயக்கத்தின் உள்ளிருந்தே லியாதி நகரத்து ஷ்னெயூர் ஸல்மான், 1796-இல் அச்சான தன் நூலில், இது பெரிய ஞானிகளுக்கு, நீ அந்த முட்டாள்தனத்தில் இறங்காதே என்று சாதாரண ஆளைத் தடுத்தார். ஜெபிக்கிறவன் எதிரே ஒருவன் வந்து நின்று வேண்டுமென்றே வளவளவென்று பேசினால் என்ன செய்வாய்? பதில் சொல்லாமல், காது கேளாதவன் போல உன் வேலையைப் பார். எண்ணம் வந்ததற்காக உன் ஜெபம் வீண் என்று சோர்ந்துபோகாதே. மல்யுத்தத்தில் ஒருவன் பிடியை இறுக்கினால் மற்றவனும் இறுக்குவான், அவ்வளவுதான். என் மாணவர்களில், யூதரல்லாதவர்களுக்கும், அதிகம் பயன்பட்டதாக அவர்களே சொன்னது இந்த ஒரு பத்திதான். எனக்கும் பாஆல் ஷெம் தோவின் வழியைவிட இதில்தான் நம்பிக்கை.

வேறு பாதைகளும் உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஸஃபேத் நகரத்தில் 1572-இல் இறந்த இசாக் லூரியாவின் மரபில், ஒவ்வொரு சொல்லுக்கும் இறைநாமங்களின் சிக்கலான சேர்க்கைகளைத் தியானிக்கும் ஜெபநூல்கள் இருக்கின்றன. அவற்றையும் 'கவானா'வின் பன்மையால்தான் அழைப்பார்கள். அது குருவிடம் கற்க வேண்டிய தனிக் கலை, இணையத்தில் பார்த்துத் தொடங்கும் சமாச்சாரம் அல்ல. பிரெஸ்லவ் ரபி நஹ்மான் (1772–1810) எழுதிவைத்த ஜெபத்தோடு கூட, தினம் ஒரு மணி நேரம் தனியிடத்தில் தாய்மொழியில், நண்பனிடம் பேசுவது போலக் கடவுளிடம் பேசச் சொன்னார். நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த வார்சா கெட்டோவில் அடைபட்டு 1943-இல் கொல்லப்பட்ட பியாசெச்னோ ரபி கலோனிமுஸ் ஷபிரா, மனதை அமர்த்தும் முறை ஒன்றைக் கற்றுக்கொடுத்தார். எண்ணங்களை அடக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிரு, ஓட்டம் தளரும், அந்த இடைவெளியில் ஒரு வேதவரியை மெதுவாகச் சொல். அவருடைய சீடர் ஒருவர் எழுதி வைத்ததால் அது நமக்குக் கிடைத்தது. இதைப் பௌத்த தியானத்தோடு ஒப்பிட்டு நிறைய எழுதுகிறார்கள். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிகிறது, ஆனால் அதை வைத்து ஒன்றிலிருந்து ஒன்று வந்தது என்று சொல்ல மாட்டேன்.

காணொளியில் பார்த்தவர்கள் எல்லாரும் இதையெல்லாம் செய்துகொண்டிருந்தார்களா? வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. குழந்தை இல்லாத அன்னாள் ஆலயத்தில் உதடு மட்டும் அசைய ஜெபித்தபோது, ஆசாரியன் ஏலி அவளைக் குடிகாரி என்று நினைத்தான். அமிதாவை எப்படிச் சொல்ல வேண்டும் என்ற விதிகள் பலவற்றைத் தால்முத் அவளிடமிருந்துதான் எடுக்கிறது.

நானும் ஒருமுறை ஏலி ஆனேன். எருசலேமில் முதல் மாதம், ஒரு சின்ன ஜெப ஆலயத்தில் பிற்பகல் ஜெபம். அமிதா சொல்பவருக்கு முன்னால் நான்கு முழத்துக்குள் குறுக்கே போகக் கூடாது என்பது எனக்கு அப்போது தெரியாது. கண்ணை மூடி அசையாமல் நின்ற ஒரு முதியவரை, தூங்குகிறார் என்று நினைத்து, உரசாத குறையாகக் கடந்து என் இடத்துக்குப் போனேன். பக்கத்திலிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். அவர் கண்ணைத் திறக்கவில்லை. முடித்து, மூன்று அடி பின்னே வைத்து, இடம், வலம், நேரே என்று குனிந்து நிமிர்ந்த பிறகு என்னிடம் வந்து விதியை விளக்கினார். அவருடைய கவனத்தைக் கலைத்ததற்காக நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன். "விடப்பா," என்று தோளில் தட்டினார், "நீ வருவதற்கு முன்பே நான் மஹனே யெகூதா சந்தையில் தக்காளி விலை பேசிக்கொண்டிருந்தேன்."